வவ்வால் இன்மைச் சான்றிதழ்

கடலோர வவ்வால் மதிப்பீட்டு மையம் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த எட்டு ஆண்டுகளில் அது எழுபத்தாறு கட்டிடங்களில் கணக்கெடுப்பு நடத்தி, எழுபத்தாறிலும் வவ்வால் இல்லை என்று கண்டுபிடித்திருந்தது. கேரளத்தில், வெலிங்டன் தீவில், பழைய கப்பல் கம்பெனிக் கட்டிடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் மையம் இருந்தது. வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வவ்வால் இருந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தது. யாரோ அதைத் தலை மேலே இருக்கும்படி மாட்டியிருந்தார்கள். எட்டு ஆண்டுகளாக அந்த வழியாகப் போய் வந்த விஞ்ஞானிகள் யாரும் அதைத் திருப்பவில்லை.

இந்த மையத்தில்தான் ஜாபர் சாதிக்குக்கு வேலை கிடைத்தது.

சாதிக்குக்கு நாற்பத்தொன்பது வயது. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், எழுதப் படிக்க மலையாளம் மட்டும். படகுக்காரர்களுக்கு வலை தைப்பதும் கிழிந்த வலையை ஒட்டுப்போடுவதும் தொழில். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து முதுகு போய்விட்டிருந்தது. ‘வலை கையாளத் தெரிந்த தொழில்நுட்ப உதவியாளர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு மனைவி நசீபாதான் விண்ணப்பம் எழுதிப் போட்டாள். அது அரசாங்க வேலையா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. வாசலில் அரசு முத்திரை மாதிரி ஒன்று இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அது வேறு ஏதோ.

நேர்முகத் தேர்வில் வலையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “வவ்வால்கள் மேல் உங்களுக்கு ஏதாவது விரோதம் உண்டா?” என்று கேட்டார்கள்.

“இல்ல சார். எங்க வீட்டு வாதாம் மரத்துக்கு வரும். தின்னுட்டுப் போயிடும்” என்றார் சாதிக்.

‘நீண்டகாலக் கள அனுபவம் உண்டு’ என்று குறித்துக்கொண்டார்கள்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் வெங்கடேஸ்வரன். பாலக்காட்டுக்காரர். வெளுத்த அரைக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா, எதைச் சொன்னாலும் ஆள்காட்டி விரலை உயர்த்திக்கொண்டு சொல்லும் பழக்கம். முதல் நாளே சாதிக்கை உட்காரவைத்து மையத்தின் கொள்கையை விளக்கினார்.

“சாதிக், இங்க எல்லாமே கருவிதான். தப்பான கருவியை எடுத்துட்டுப் போனோம்னா தப்பான முடிவு வரும். அதனால மையம் தொடங்குறதுக்கு முன்னாலேயே ஒரு நிபுணர் குழு போட்டு, ரெண்டு வருஷம் உக்காந்து யோசிச்சு, ஒரே ஒரு வலையைத் தேர்ந்தெடுத்திருக்கோம். கேரளா முழுக்க அந்த ஒரே வலைதான். அதை எட்டு வருஷமா உபயோகிக்கிறோம். ஒரு கண்ணி அறுந்தது கிடையாது. அப்படின்னா அது எவ்வளவு நல்ல வலைன்னு பாருங்க.”

அந்த வலையைக் காட்டக் கிடங்குக்கு அனுப்பினார்கள். கிடங்குக்குப் பொறுப்பு சுபாஷிணி மேடம். மூக்குக்கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு, சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாதிக் வலையைக் கையில் வாங்கி விரலால் நெருடிப் பார்த்தார். நீல நிறம், தடித்த நைலான் நூல். சூரை மீன் பிடிக்கிறவர்கள் கேட்கிற வகை. கண்ணிக்குள் அவருடைய முழங்கை போய் வந்தது.

“மேடம், இதுல வவ்வால் விழுமா?”

“அது எனக்குத் தெரியாது. வலை பத்திரமா இருக்கணும். அதுதான் என் வேலை.”

அவருக்குப் பின்னால் அலமாரியில் ஆறு பெட்டிகள் பிரிக்காமல் இருந்தன. வெளிநாட்டு மிஸ்ட் நெட்டுகள். தலைமுடியைவிடக் கொஞ்சமே தடிப்பான நூலில் நெய்தவை. பெட்டியின் மேலே ஒட்டியிருந்த படத்தில் ஒரு வவ்வால் அதில் சிக்கியிருந்தது.

“அது நல்லாயிருக்குமே மேடம்.”

“அதைப் பிரிக்கிறதில்ல. பிரிச்சுக் கட்டினா வவ்வால் வந்து மாட்டும். மாட்டினா கிழியும். கிழிஞ்சா யார் பதில் சொல்றது?” என்றார் சுபாஷிணி மேடம். மடியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைப் பூட்டினார்.

சாதிக்கின் முதல் கணக்கெடுப்பு அவருடைய ஊரிலேயே வந்தது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயலை ஒட்டி, ஒரு பழைய சுக்குப் பாண்டிகசாலை. சரக்கு இறக்கி வைக்கிற பெரிய கிடங்கு அது. ஆனந்தகுமார் என்பவர் அதை வாங்கியிருந்தார். கூரை ஓடுகளை மாற்றி, உள்ளே பன்னிரண்டு அறை கட்டி, வெள்ளைக்காரர்கள் தங்குகிற பாரம்பரிய விடுதி ஆக்கப் போகிறார். கூரையடியில் வவ்வால் இருந்தால் வனத்துறை, அனுமதி, காத்திருப்பு என்று ஏகப்பட்ட தொந்தரவு. வவ்வால் இல்லை என்று மையம் எழுதிக் கொடுத்தால் ஒரு தொந்தரவும் இல்லை.

பாண்டிகசாலையில் அப்போது மிச்சமிருந்த ஒரே வேலையாள் வசந்தி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பதினாறு வருஷமாக அங்கே சுக்குப் பொறுக்கிக்கொண்டும் கூட்டிப் பெருக்கிக்கொண்டும் இருந்தவள். கட்டிடம் கைமாறியபோது விளக்குமாற்றோடு அவளும் கைமாறியிருந்தாள். சாதிக்கின் கையில் இருந்த நீல வலையைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “என்னண்ணே, மீன் பிடிக்கவா வந்திருக்கீக?”

சாயங்காலம் ஐந்தரைக்கு மையத்தின் வண்டிகள் வந்தன. முதலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். இயக்குநர் உரையாற்றினார். காற்றின் ஈரப்பதத்தை மூன்று இடத்தில் அளந்து மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். பழம்பொரியும் சாயாவும் வந்தன. பிறகு வலையை முன்வாசலுக்குக் குறுக்கே கட்டச் சொன்னார்கள். அங்கேதான் வண்டி நிறுத்த வசதி, புகைப்படத்துக்கும் வெளிச்சம்.

சாதிக் வலையைக் கட்டினார். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் கூரைக்குள் ஒரு சலசலப்பு கேட்டது. ஒன்றிரண்டு சின்ன வவ்வால்கள், கட்டைவிரல் நீளம் இருக்கும், முன்வாசல் பக்கமாக வந்தன. வலைக்கு ஒரு சாண் முன்னால் வந்து, ஏதோ சுவரைக் கண்டதுபோல மடங்கித் திரும்பின. இன்னும் இரண்டு வந்தன. அவையும் திரும்பின. கத்துகிற சத்தத்தின் எதிரொலியை வைத்துத்தான் அவை வழி பார்க்கின்றன என்று அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது சாதிக்குக்கு ஞாபகம் வந்தது. இத்தனை தடிப்பான நூல் அவற்றுக்குக் கம்பிக் கதவு மாதிரிதானே தெரியும்!

வசந்தி பக்கத்தில் வந்து நின்றாள். “அண்ணே, அதுக எல்லாம் பின்பக்கம் ஜன்னல் வழியாத்தான போகுதுக. காயலுக்கு மேல. இங்கன எதுக்குக் கட்டியிருக்கீக?”

சாதிக் இயக்குநரிடம் போய்ச் சொன்னார். இயக்குநர் விரலை உயர்த்தினார். “பின்பக்கம் நெறிமுறையில கிடையாது.”

“வவ்வால் அந்தப் பக்கம்தான் போகுது சார்.”

“வவ்வாலுக்கு நெறிமுறை தெரியாது, சாதிக். நமக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம்.”

ஏழரைக்கு வலையை அவிழ்த்தார்கள். வலையில் ஒரு பிளாஸ்டிக் பையும் பக்கத்துக் கடைப் பூனையின் ஒரு காலும் இருந்தன. காலோடு பூனையும் இருந்ததால் விடுவித்து அனுப்பினார்கள். ‘வவ்வால்: பூஜ்யம்’ என்று இயக்குநர் அறிவித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனந்தகுமார் எழுந்து நின்று தட்டினார். எதற்காகத் தட்டுகிறார்கள் என்று புரியாமல் சாதிக்கும் இரண்டு முறை தட்டினார். அதற்காகப் பின்னால் வெகுநாள் வெட்கப்பட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. வலை கட்டி ஒன்றும் விழாமல் திரும்புவது அவருக்கு உடம்பில் ஏதோ குறை மாதிரி இருந்தது. முற்றத்தில் போட்டிருந்த பழைய கட்டிலின் சட்டத்தை எடுத்தார். தங்கூசி என்கிறோமே, தூண்டிலுக்குக் கட்டுகிற கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு, அதை மேலிருந்து கீழே விரற்கடைக்கு ஒன்றாக இழுத்துக் கட்டினார். அதற்கு ஒரு சாண் பின்னால் இன்னொரு வரிசை, முதல் வரிசையின் இடைவெளிகளை மறைக்கிற மாதிரி. அடியில் தார்ப்பாயில் ஒரு பை தைத்து மாட்டினார். முதல் வரிசையில் தப்பினால் இரண்டாவதில் முட்டும். முட்டினால் வழுக்கிக்கொண்டு பைக்குள் விழும். அடிபடாது. மையத்தின் புத்தகத்தில் இதே மாதிரி ஒரு படம் இருந்தது. கீழே ‘யாழ்ப்பொறி’ என்று பெயர் போட்டிருந்தார்கள். புத்தகம் அலமாரியில் இருந்தது. பொறி எங்கேயும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் சட்டத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பாண்டிகசாலைக்குப் போனார். வசந்தி பின்ஜன்னலைக் காட்டினாள். இருவருமாக அதை ஜன்னல் வாயில் நிறுத்தினார்கள். முக்கால் மணி நேரத்தில் பை கனத்தது. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி எண்ணி விட்டார்கள். உள்ளங்கையில் வைத்தால் பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பஞ்சுக்குள் நெஞ்சு அடிக்கிற வேகம் சாதிக்கின் விரல்வரை வந்தது. பலவற்றின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, மொச்சைக்கொட்டை அளவில்.

“தாயி, பிள்ளையத் தூக்கிக்கிட்டே வேலைக்குப் போறா பாருங்கண்ணே” என்றாள் வசந்தி.

நூற்று நாற்பத்து மூன்று. சாதிக் அதை ஒரு தாளில் எழுதி, மறுநாள் காலை முதல் வேலையாக இயக்குநரின் மேஜையில் வைத்தார். பாராட்டுவார்கள் என்று நினைத்தார். நசீபாவிடமும் அப்படியே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பதினொரு மணிக்கு மெமோ வந்தது. ‘அங்கீகரிக்கப்படாத கருவியைப் பயன்படுத்தி, அங்கீகரிக்கப்படாத திசையிலிருந்து, வவ்வால்களைப் பிடித்தது ஏன் என்பதற்கு விளக்கம் தேவை.’

சாதிக் மெமோவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். “சார், வவ்வால் பிடிக்கத்தானே என்னை வேலைக்கு எடுத்தீங்க?”

“யார் சொன்னா?” இயக்குநர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “உங்க நியமன உத்தரவுல ‘வலை கையாள’ன்னுதான் இருக்கு. சாதிக், உக்காருங்க. வவ்வாலைப் பிடிக்கிறது பெரிய விஷயமே இல்ல. பழைய கட்டில் இருந்தா யார் வேணும்னாலும் பிடிச்சிடலாம்னு நீங்களே காட்டிட்டீங்க. ஆனா எழுபத்தாறு கட்டிடத்துல ஒண்ணுகூடப் பிடிக்காம இருக்கணும்னா அதுக்குப் பயிற்சி வேணும், ஒழுக்கம் வேணும். அப்படி ஒரு நிறுவனம் இந்தியாவுல வேற கிடையாது. இப்போ நீங்க நூத்தி நாப்பத்தி மூணுன்னு எழுதினா என்ன ஆகும்? அந்த எழுபத்தாறும் சந்தேகத்துக்கு வரும். ஒரு உண்மைக்காக எழுபத்தாறு உண்மையை விட முடியுமா?”

சாதிக் கையிலிருந்த மெமோவை நான்காக மடித்தார்.

“சரி. முதல் நாள் நீங்க கட்டின நீல வலையில எத்தனை விழுந்தது?”

“ஒண்ணும் விழல சார்.”

“அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பொய் எழுதச் சொல்லலையே நான்?”

உண்மைதான். அந்த வலையில் ஒன்றும் விழவில்லை. சாதிக் மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெமோ திரும்பப் பெறப்பட்டது. மதியமே பாண்டிகசாலைக்கு வவ்வால் இன்மைச் சான்றிதழ் தயாராகிவிட்டது, எழுபத்தேழாவது. ‘வலை கையாண்டவர்’ என்ற இடத்தில் சாதிக்கின் பெயர் இருந்தது. ஆனந்தகுமார் அதைச் சட்டம் போட்டு வாங்கிப் போனார்.

நான்காம் நாள் காலை வசந்தி போன் செய்தாள்.

“அண்ணே, பூச்சி மருந்துக்காரங்க வந்திருக்காக. பின்ஜன்னலு, கூரைச் சந்து எல்லாத்தையும் பிளாஸ்டிக் போட்டு ஒட்டுதாக. புகை போடப் போறாகளாம். ரெண்டு நாளைக்கு யாரும் உள்ள வரக்கூடாதாம். அதுக எல்லாம் உள்ளதான தொங்குதுக!”

சாதிக் ஓடினார். இயக்குநர் அறையில் மாதாந்திர ஆய்வுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டார்.

“சார், பாண்டிகசாலையை அடைக்கிறாங்க. வவ்வாலெல்லாம் செத்துப்போயிரும் சார். குட்டியோட இருக்கு. ஒரு போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க.”

இயக்குநர் கூட்டத்தில் இருந்தவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார். “அந்தக் கட்டிடத்துல வவ்வால் இல்ல, சாதிக். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இல்லாத வவ்வால் எப்படிச் சாகும்?”

கூட்டத்தில் ஒருவர் “சரியான பாயிண்ட்” என்றார்.

சாதிக் அங்கிருந்து வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தார். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். கட்டிடத்தின் பெயரைக் கேட்டு, கணினியில் பார்த்துவிட்டு, “சேட்டா, அதுக்குச் சான்றிதழ் இருக்கே” என்று வைத்துவிட்டார். படகு பிடித்து சாதிக் பாண்டிகசாலைக்குப் போனபோது கதவு பூட்டி ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. சுவரில் காதை வைத்தார். அப்போது கேட்டது. மழை ஓட்டில் விழுவது மாதிரி, ஆனால் உள்பக்கத்திலிருந்து.

கதவை உடைத்திருக்கலாம். அவர் உடைக்கவில்லை. பூச்சி மருந்து கம்பெனி ஆள் ஒருவன் வந்து, “இக்கா, விஷப்புகை, தள்ளிப் போங்க” என்றான். சாதிக் தள்ளிப் போனார்.

மூன்றாம் நாள் திறந்தார்கள். ஆனந்தகுமார் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். வசந்தியை உள்ளே அனுப்பினார். கையுறை கேட்டாள். எதற்கு என்றார் அவர்; உள்ளேதான் ஒன்றும் இல்லையே. அவள் சாதிக்கைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது! பதினாறு வருஷத்துச் சுக்கு வாசனையும் மருந்தின் காரமும் அதற்கடியில் புளித்த இறைச்சியும். தரை கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. முதலில் சாதிக் அவை உயிரோடு இருக்கின்றன என்று நினைத்தார். அசைந்தவை, கதவு திறந்ததும் வந்து மொய்த்த எறும்புகள். சுவரோரமாகத்தான் அதிகம் கிடந்தன, பின்ஜன்னலுக்கு அடியில், ஒன்றின்மேல் ஒன்றாக. பிளாஸ்டிக்கில் நகம் பிராண்டிய கோடுகள் இருந்தன. தாயின் மார்பில் குட்டி பல்லால் கவ்வியபடியே செத்திருந்தது. கூட்டும்போது குட்டியும் தாயும் பிரியவில்லை.

வசந்தி கூட்டினாள். சாதிக் அள்ளிச் சுக்குக் காயவைக்கிற பாயில் வரிசையாக வைத்து எண்ணினார். எண்ணிக்கை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணாமல் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு. குட்டிகளைச் சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் போட்டும் ஒரு சுக்குச் சாக்கு பாதிகூட நிறையவில்லை.

கடைசிக் குவியலில் ஒன்று சாகாமல் இருந்தது. வசந்தி அதைத் தூக்கித் தண்ணீர் காட்டப் போனபோது விரலில் கடித்துவிட்டுச் செத்தது.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், “எந்தா கடிச்சது?” என்று கேட்டாள். நாய் என்று எழுதப் பேனாவைத் தயாராக வைத்திருந்தாள். “வவ்வாலு” என்றாள் வசந்தி. நர்ஸின் முகம் மாறிவிட்டது. வவ்வால் என்றால் கேரளத்தில் காய்ச்சல் பயம். ஊசி போட்டு, இன்னும் மூன்று ஊசிக்குத் தேதி கொடுத்து, காய்ச்சல் வருகிறதா என்று இருபத்தொரு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மேலே தகவல் அனுப்பினாள். மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் மையத்துக்குக் கடிதம் வந்தது: வவ்வால் இல்லாத கட்டிடத்தில் வவ்வால் கடித்தது எப்படி?

மையம் உடனே ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் டாக்டர் வெங்கடேஸ்வரன். உறுப்பினர் சுபாஷிணி மேடம். மூன்றாவது உறுப்பினர் ஊரில் இல்லாததால் அவருடைய நாற்காலி இருந்தது.

வசந்தி விரலில் கட்டோடு வந்து நின்றாள், பக்கத்தில் சாதிக். உட்காரச் சொல்லவில்லை.

“கடிச்சது வவ்வால்தான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் இயக்குநர்.

“பதினாறு வருசமா அதுக பீயக் கூட்டுதேன் சார். எனக்குத் தெரியாதா?”

“எத்தனை இருந்தது?”

“அறுநூத்திப் பன்னெண்டு. அண்ணன் எண்ணுனாக.”

“எந்தக் கருவியால எடுத்தீங்க?”

வசந்தி சாதிக்கைப் பார்த்தாள். “வெளக்குமாறு சார்.”

சுபாஷிணி மேடம் கருவிப் பட்டியலைப் புரட்டினார். “விளக்குமாறு பட்டியல்ல இல்ல சார்.”

“பட்டியல்ல இல்லாத கருவியால எடுத்த எண்ணிக்கையை நாம ஏத்துக்க முடியாதேம்மா.”

“ஏத்துக்காதீக. எனக்கென்ன? அங்கன போயி அந்தச் சாக்கை அவுத்துப் பாருங்க. மூக்கு ஏத்துக்கிடும்.”

சாதிக்குக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இனி இவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தார். இயக்குநர் விரலைக்கூட உயர்த்தவில்லை. பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். பிறகு மெல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“மேடம், பட்டியல்ல சேர்த்தா?”

“எதை சார்?”

“விளக்குமாத்தை. முன்தேதியிட்டு.” அவர் எழுந்து நின்றுவிட்டார். “யோசிச்சுப் பாருங்க. நீல வலையில பூஜ்யம். அது உண்மை, சான்றிதழ் செல்லும். விளக்குமாத்துல அறுநூத்துப் பன்னெண்டு. அதுவும் உண்மை, கடிச்சதுக்கு விளக்கம் ஆச்சு. ஒரே கட்டிடம், ஒரே வாரம். முடிவு வேற வேற. ஏன்? கருவி! இதைத்தானே நான் எட்டு வருஷமாச் சொல்லிட்டு வர்றேன்? ஒரு கருவி, ஒரு ஆள், ஒரு காலை நேரம், அறுநூத்துப் பன்னெண்டு. இந்த ஆசியாவுல யாராவது இத்தனை பிடிச்சிருக்காங்களா?”

சாதிக் சொன்னார்: “சார், அது பிடிச்சதில்ல. செத்துக் கிடந்தது.”

“அதனாலதான் ஒண்ணுகூடத் தப்பிக்கல” என்றார் இயக்குநர்.

விசாரணை முடிந்தது. சுகாதாரத் துறைக்குப் பதில் போனது; அவர்களும் திருப்தி என்று எழுதினார்கள். இயக்குநர் டெல்லியில் ஒரு மாநாட்டில் ‘வவ்வால் கணக்கெடுப்பில் கருவித் தேர்வின் தாக்கம்: விளக்குமாறு முறை’ என்று கட்டுரை படித்தார். படங்களோடு படித்ததாகச் சொன்னார்கள். வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடிப் பெட்டி வந்தது. அதற்குள் ஒரு புது விளக்குமாறு. அதை மட்டும் சரியாக மாட்டியிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பயிற்சி முகாம். மாநிலம் முழுவதிலிருந்தும் முப்பது பேர், எல்லோரும் வேலைக்குப் புதியவர்கள். செயல்முறை விளக்கம் செய்யக் கூப்பிட்டு வசந்திக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அவள் நான்கு ஊசியும் போட்டு முடித்திருந்தாள். சாதிக்குக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, நா வரமாட்டேன். அதுக்கப்புறம் எந்த வெளக்குமாத்தத் தொட்டாலும் கை கூசுது. நான் கலூர்ல ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவப் போயிட்டேன். நீங்களும் அந்த முகாமுக்குப் போகாதீக.”

நசீபாவும் அதையே சொன்னாள். “நீங்க அன்னைக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டுக் குளிச்சீங்க, ஞாபகம் இருக்கா? அந்த ஆளுங்க முகத்துல எப்படி முழிக்கிறீங்க?”

“ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். புதுப் பிள்ளைங்க. அவங்க காதுலயாவது சொல்லணும்” என்றார் சாதிக்.

மையத்தின் மண்டபத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு குறிப்பேடும் பேனாவும், நாற்காலியில் சாய்த்து ஒரு விளக்குமாறும் வைத்திருந்தார்கள். இயக்குநர் அரைமணி நேரம் பேசினார். வலையில் வவ்வால் துடிக்கும், கடிக்கும், கணக்கைக் குழப்பும். விளக்குமாற்றில் இந்தக் குறைகள் இல்லை என்றார். இந்த முறையைக் களத்தில் முதன்முதலில் நிறைவேற்றிய வல்லுநர் என்று சாதிக்கை மேடைக்கு அழைத்தார். கைதட்டினார்கள்.

சாதிக் மைக்குக்கு முன்னால் நின்றார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தார், ஒன்றும் நினைவில்லை. முன்வரிசையில் அஞ்சனா என்று சட்டையில் அட்டை குத்தியிருந்த பெண் கையைத் தூக்கினாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். வயநாட்டிலிருந்து வந்திருந்தாள்.

“சார், ஒரு சந்தேகம். வவ்வால் மேலதானே தொங்கும்? விளக்குமாறு தரையில. அது எப்படிக் கீழே வரும்?”

நல்ல கேள்வி. இந்த மையத்தில் யாரும் கேட்காத கேள்வி. சாதிக்குக்கு அந்தப் பெண்ணைக் கும்பிடவேண்டும் போல இருந்தது. மைக்கைக் கிட்டே இழுத்தார்.

“கொல்லணும்மா” என்றார். “எல்லா ஜன்னலையும் அடைக்கணும். உள்ள விஷப்புகை போடணும். அது வெளிய வர வழி தேடிப் பிராண்டும். ரெண்டு நாள் பிராண்டும். குட்டியோட விழும். விழுந்தப்புறம் கூட்டலாம். நான் அள்ளி எண்ணினேன். அறுநூத்திப் பன்னெண்டு. இதுதான் இந்த முறை. வேற ஒண்ணும் இல்ல.”

அஞ்சனாவின் கை இன்னும் பாதி தூக்கினபடியே இருந்தது. யாராவது ஒருவர் எழுந்து கத்துவார்கள் என்று சாதிக் காத்திருந்தார்.

இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். “சாதிக் ரொம்ப எளிமையாச் சொல்லிட்டார். களப்பணியாளர் இல்லையா? நாம இதை ‘முன்தயாரிப்பு’ன்னு சொல்றோம்.” பலகையில் அந்தச் சொல்லை எழுதி அடியில் கோடு போட்டார்.

முப்பது தலைகளும் குனிந்தன. முப்பது பேனாக்களும் எழுதின. அஞ்சனாவின் பேனா கடைசியாக எழுதியது, ஆனாலும் எழுதியது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: “முன்தயாரிப்பு ரெண்டு நாள்னு போட்டுக்கலாமா சார், இல்ல மூணா?”

சாதிக் மேடையிலிருந்து இறங்கிக் கழிப்பறைக்குப் போனார். அங்கே இருந்த சோப்பை எடுத்து முழங்கைவரை இரண்டு தடவை தேய்த்தார். முகத்தைக் கழுவினார். மண்டபத்துக்குத் திரும்பவில்லை. படியிறங்கி வாசலுக்கு வந்தார்.

காவலாளி தாமோதரன் சேட்டன் மறித்து ஒரு புத்தகத்தை நீட்டினார். பணி நேரத்தில் வெளியே போகிறவர்கள் பெயர், நேரம், காரணம் எழுதவேண்டும் என்று அந்த வாரம்தான் உத்தரவு வந்ததாம். சாதிக் பெயரை எழுதினார். நேரத்தை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் மலையாளத்தில் ‘நாற்றம்’ என்று எழுதிவிட்டுப் படகுத்துறையைப் பார்த்து நடந்தார்.

தாமோதரன் சேட்டன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். தலையைத் தூக்கி மாடியைப் பார்த்து இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

“எந்தா சாதிக்கே, எட்டு வருஷமா நான் இங்கேதானே நிக்கிறேன்” என்று பின்னாலிருந்து கத்தினார். “எனக்கு ஒரு நாற்றமும் வரலையே!”